பால் காய்ச்சும் வீட்டுக்கு ஒரு டிரெயிலர்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

ராதா (காலை 6.48): எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு விடியற்காலை பால் காய்ச்சுகிறோம், மறந்துவிடாதீர்கள். கட்டில், அலுமாரி, மேசை மூன்றும் கம்பளை ஆசாரியிடம் இருக்கின்றன. வாடகைக் கதிரைகளும் இரண்டு பெரிய அண்டாவும் அங்கிருந்துதான் வர வேண்டும். சனிக்கிழமை இருட்டுவதற்குள் நுவரெலியாவுக்கு வந்து சேர்ந்தால் நல்லது. கண்ணன் அண்ணா, உங்கள் கெப் வண்டி (பிக்கப்) கிடைக்குமா?

பெரியம்மா (6.55): முதலில் பிள்ளையார் படம் உள்ளே போக வேண்டும். பிறகுதான் கட்டில்.

கண்ணன் (7.10): அலுமாரியைப் போட்டால் கெப்பில் வேறு எதற்கும் இடமில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் டிரெயிலர் இருக்கிறது, கேட்டால் தருவார். ஆனால் டீசல் கதையை இப்போதே பேசிவிடுவோம். டிரெயிலரை மாட்டினால் பாதிக்குப் பாதி கூடக் குடிக்கும்.

தலவாக்கலை சித்தப்பா (7.12): வண்டியா, ஓட்டுகிறவனா?

கண்ணன் (7.12): சித்தப்பா, காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்.

ராதா (7.15): எவ்வளவு ஆகும் அண்ணா?

கண்ணன் (7.17): மேலே ஏற மட்டும் 15 லீட்டர்.

தலவாக்கலை சித்தப்பா (7.18): அந்த டீசலுக்குக் கொழும்புக்கே போய்விடலாம்.

மாஸ்டர் மாமா (7.31): கண்ணன் மருமகனே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்றுக் கீழே. நுவரெலியா 1868 மீட்டர். ஏற வேண்டியது 1400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிரெயிலரும் சாமானும் சேர்ந்து 1000 கிலோ. அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 13.7 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். மிச்சமெல்லாம் புகையோடும் சூட்டோடும் போய்விடும். ஆக, ஒரு தொன் பாரத்தை ராம்பொடை மலைப்பாதை வழியாக மேலே தூக்க ஒரு லீட்டருக்குச் சற்றுக் கூடத்தான் செலவு. தொடர்கிறேன்.

லதா அக்கா, கண்டி (7.33): ராதா, பகல் சாப்பாடு எத்தனை பேருக்கு?

மாஸ்டர் மாமா (7.36): டயர் உருளுவதற்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டருக்கு முக்கால் லீட்டர் சேருங்கள். இரண்டு லீட்டருக்குள் அடங்குகிறது. வளைவில் நின்று நின்று புறப்படுவதற்காக இன்னும் ஒன்று தருகிறேன். கூடுதல் செலவு மூன்று. வண்டி வெறுமனே ஏறுவதற்கு ஆறு என்றாலும் மொத்தம் ஒன்பது.

தலவாக்கலை சித்தப்பா (7.37): மிச்சம் ஆறு லீட்டர் எங்கே போகிறது கண்ணா?

கண்ணன் (7.41): மாமா, உங்கள் கணக்கில் லபுக்கலை மூடுபனி இருக்கிறதா? முன்னால் போகும் உர லொறி இருக்கிறதா? அதன் பின்னால் ஒன்றாம் கியரில் ஊர்ந்தால் டீசல் முள் கண்ணெதிரே இறங்கும். கரும்பலகையில் வண்டி ஓடாது.

கம்பளை அத்தை (7.42): இவர் இன்னும் தேநீர் கூடக் குடிக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பிரபு, கொழும்பு (7.50): காணொளிகளில் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் பிக்கப்பின் பின்னால் உயரமான டிரெயிலரைக் கட்டினால் மைலேஜ் பாதியாகிவிடுகிறது. பாரத்தை விடக் காற்றுத்தான் தின்கிறதாம். அலுமாரியை நிறுத்தி வைக்காமல் படுக்கப்போடச் சொல்லுங்கள்.

ராதா (7.52): படுக்கப்போடக் கூடாது என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். கண்ணாடி பதித்த கதவு.

பெரியம்மா (7.53): கண்ணாடி உடைந்தால் சகுனம் நன்றாக இருக்காது.

மாஸ்டர் மாமா (8.04): பிரபு சொல்வது சரி, ஆனால் அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே நேரான பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் இழுக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதைத் தள்ளும் வலு எட்டு மடங்கு. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் அலுமாரியை நிறுத்திக் கொண்டுபோனால் அது பாய்மரம்தான். ராம்பொடை வளைவில் 25இல் போகிறவனுக்குக் காற்று ஒரு செலவே இல்லை. நம்முடைய மலையில் டீசலைத் தின்பது பாரமும் ஓட்டும் விதமும். அலுமாரி நின்றபடியே வரட்டும். ஆனால் நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும், கதவுக்குள் பழைய கம்பளி திணிக்க வேண்டும்.

பிரபு (8.05): சரி மாமா.

கண்ணன் (8.09): டிரெயிலரே வேண்டாம். இரண்டு தடவை போகிறேன். முதலில் அலுமாரி, பிறகு மற்றவை. சரிதானே?

மாஸ்டர் மாமா (8.15): அதுதான் மிகப் பெரிய செலவு. உங்கள் டபுள் கெப்பே ஏறத்தாழ 1900 கிலோ. இரண்டாம் தடவை அந்த 1900 கிலோவையும் மறுபடி 1400 மீட்டர் தூக்க வேண்டும். ஒரு தொன் டிரெயிலரை இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு வேலை. டிரெயிலர்தான் மலிவு.

ராதா (8.16): அப்படியானால் டிரெயிலரே இருக்கட்டும்.

கண்ணன் (8.20): இருக்கட்டும். 15 லீட்டர்.

தலவாக்கலை சித்தப்பா (8.21): ஒன்பது.

கண்ணன் (8.24): 2022இல் ஆச்சி கருமாதிக்கு யார் வண்டி ஓடியது? டீசல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று, கியூ.ஆர். அட்டைக்குக் கிடைத்த டீசல் ஒதுக்கீடு முழுவதையும் உங்களை ஏற்றி இறக்கியே எரித்தேன். யாராவது ஐந்து சதம் தந்தீர்களா? இப்போது லீட்டர் எண்ணுகிறீர்கள்.

தலவாக்கலை சித்தப்பா (8.26): ஒரு மூட்டை லீக்ஸ் தந்தேனே.

கண்ணன் (8.26): மரக்கறி வியாபாரிக்கு லீக்ஸ்!

இந்தச் செய்தி நீக்கப்பட்டது (8.27)

லதா அக்கா (8.29): யார் நீக்கியது? நான் பார்த்துவிட்டேன், சித்தப்பா.

பெரியம்மா (8.33): ஆச்சி பெயரைச் சொல்லி யாரும் சண்டை போடக் கூடாது. கண்ணா, இறங்கி வரும்போது மெதுவாக வா. 2025 மே மாதம் கெரண்டி எல்லவில் பஸ் உருண்டதை மறந்துவிட்டீர்களா? இந்தப் பாதைக்கு டிரெயிலர் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கண்ணன் (8.36): பெரியம்மா, அதே பாதையில்தானே நான் தினமும் கரட் ஏற்றுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசலும் மிச்சம், எஞ்சினுக்கும் ஓய்வு.

மாஸ்டர் மாமா (8.38): என்ன?

கம்பளை அத்தை (8.38): எழுந்து நின்றுவிட்டார்.

மாஸ்டர் மாமா (8.47): கண்ணன், இதைக் கவனமாக வாசியுங்கள். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக டீசல் எரிந்துகொண்டே இருக்கும். இப்போதைய டீசல் வண்டியில், கியரைப் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஊசிகள் டீசல் தெளிப்பதை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம் எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஒரு சொட்டுச் செலவில்லை. நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். டிரெயிலருக்குத் தனி பிரேக் இருக்கிறதா?

கண்ணன் (8.48): இல்லை.

மாஸ்டர் மாமா (8.51): இல்லையா? அப்படியென்றால் டிரெயிலரின் பாரத்தையும் கெப்பின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். ஏறும்போதும் இடையில் இறக்கங்கள் வரும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக் சூடாகிக் கருகும் வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மேலே ஏற்றிய சக்தி இறங்கும்போது டாங்கிக்குள் திரும்பி வராது, பிரேக்கில் சூடாகிப் போய்விடும்.

லதா அக்கா (8.52): ராதா, நான் கேட்டதற்குப் பதில்?

ராதா (8.53): 120 பேர் வரலாம் அக்கா.

லதா அக்கா (8.53): சைவம்தானே?

தலவாக்கலை சித்தப்பா (8.54): பால் காய்ச்சுகிற வீட்டில் கோழியா கேட்கிறாய்?

லதா அக்கா (8.54): போன தடவை யாரோ கேட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

பிரபு (8.58): மாமா, சாமானை எப்படி அடுக்குவது?

மாஸ்டர் மாமா (9.06): நல்ல கேள்வி. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். ஆகவே கட்டில் சட்டமும் அண்டாவும் அச்சுக்குச் சற்று முன்னால். பாரத்தைப் பின்னால் தள்ளினால் டிரெயிலர் வாலை ஆட்டும், இறக்கத்தில் கெப்பையே திருப்பிவிடும். டயரில் காற்றைப் பாருங்கள். கையால் அமுக்கிப் பார்ப்பது பார்வையல்ல, அளவுமானி வைத்துப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் டீசலையும் தின்னும், வளைவில் வெடிக்கவும் செய்யும். கூர் வளைவில் டிரெயிலர் சக்கரம் உள்பக்கமாக வெட்டும், அதனால் அகலமாகத் திருப்புங்கள். பின் விளக்கு எரியாவிட்டால் புசல்லாவையில் பொலிஸ் பிடிப்பார்கள்.

கண்ணன் (9.10): மாமா, நீங்களே வந்து ஓட்டுங்களேன்.

கம்பளை அத்தை (9.11): இவர் கடைசியாக ஓட்டியது சைக்கிள்.

மாஸ்டர் மாமா (9.13): நான் முன் இருக்கையில் வருகிறேன். டாங்கியை நிரப்பிவிட்டுப் புறப்படுவோம், நுவரெலியாவில் மறுபடி நிரப்புவோம். எத்தனை லீட்டர் பிடிக்கிறதோ அதுதான் செலவு. அனுமானமே வேண்டாம்.

ராதா (9.14): இது நல்ல யோசனை.

கண்ணன் (9.15): மாமா ஏறினால் இன்னும் 90 கிலோ.

தலவாக்கலை சித்தப்பா (9.15): அதற்கு எத்தனை லீட்டர் மாஸ்டர்?

மாஸ்டர் மாமா (9.19): ஏறத்தாழ 100 மில்லிலீட்டர்.

ராதா (9.40): ஆசாரி இப்போதுதான் போன் எடுத்தார். மழைக்கு வார்னிஷ் காயவில்லையாம். அலுமாரி செவ்வாய்க்கிழமைதான் தருவாராம்.

தலவாக்கலை சித்தப்பா (9.41): அலுமாரி இல்லையென்றால் டிரெயிலர் எதற்கு?

ராதா (9.42): கட்டில், மேசை, கதிரை, அண்டா எல்லாம் இருக்கின்றனவே.

கண்ணன் (9.44): கதிரை எத்தனை?

ராதா (9.44): 100.

கண்ணன் (9.46): நூறா! டிரெயிலரைச் சொல்லி வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை அலுமாரிக்கு மறுபடி ஏற வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள். இரண்டு தடவை டீசலுக்கும் யார் பொறுப்பு?

மாஸ்டர் மாமா (9.49): ஒரு பிளாஸ்டிக் கதிரை இரண்டரை கிலோ என்றால்...

கம்பளை அத்தை (9.50): போனை வாங்கி வைத்துவிட்டேன்.

கண்ணன் (9.58): டீசலுக்கு யார் என்று கேட்டேன். சித்தப்பா?

கண்ணன் (10.20): சித்தப்பா?

லதா அக்கா (10.31): ராதா, 120 பேருக்குப் பருப்பு எட்டுக் கிலோ போதுமா?