சிங்கப்பூர் – நியூயார்க் எவ்வளவு நேரம்? அவசரம்

வெண்ணிலா: அப்பா சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வருகிறார். டிக்கெட்டில் இரவு 11.35க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.15க்கு இறங்குவதாக இருக்கிறது. 7 மணி நேரம்கூட வரவில்லை. தூரமோ 15,300 கி.மீ. காட்டுகிறது. உண்மையில் எவ்வளவு நேரம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ரன்வே27: எந்த மாதம்? நேரடி விமானமா, மாறிப் போவதா? இது எதுவும் சொல்லாமல் பதில் எப்படி வரும்? டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பள்ளிக்கூடப் பாடம் இது.

கடல்காற்று: விமானம் மேற்கே போனால் பூமி சுழன்று நியூயார்க்கே எதிரில் வந்துவிடும். அதனால்தான் குறைகிறது.

தேவாரம்_ரசிகன்: இல்லை கடல்காற்று. பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. சுழற்சியால் ஊர் கிட்டே வராது. வெண்ணிலா, எந்த மாதம் என்று மட்டும் சொல்லுங்கள்.

வெண்ணிலா: ஜூலை. நேரடி. அப்பா இன்சுலின் போடுபவர், எந்த நேரத்துக்கு ஊசி என்றுதான் குழப்பம்.

தேவாரம்_ரசிகன்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அம்மா! கோடையில் நியூயார்க் சிங்கப்பூரை விட 12 மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் தெரியும் 6 மணி 40 நிமிடத்தோடு 12ஐக் கூட்டுங்கள்: 18 மணி 40 நிமிடம். குளிர்காலம் என்றால் வித்தியாசம் 13 மணி. டாக்டரிடம் கடிகார நேரத்தைச் சொல்லாதீர்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். அப்பா கைக்கடிகாரத்தை இறங்கும் வரை சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருக்கட்டும். இன்சுலினைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுப்போகலாம்.

ரன்வே27: அந்த 18.40 கதவு மூடியதிலிருந்து இறங்குமிடம் சேரும் வரை. ஆகாயத்தில் இருப்பது அதைவிடக் குறைவு. 15,300 என்பதும் வட துருவத்தை ஒட்டிப் போகும் குறுக்குக் கோடு. போகும்போது பெரும்பாலும் அந்த வழியில் போகாது, பசிபிக் மேல்தான்.

கடல்காற்று: சுற்றிப் போனால் எரிபொருள் வீண்தானே?

ரன்வே27: வீண் இல்லை. மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். அது பின்னாலிருந்து தள்ளினால் கூடுதல் தூரம் ஈடாகிவிடும்.

கடல்காற்று: அப்படியானால் முன்பு ஏன் இந்த நேரடி சேவையை நிறுத்தினார்கள்?

தேவாரம்_ரசிகன்: அது வேறு விமானம். 2004இல் ஏ340-500 வைத்துத் தொடங்கினார்கள். நான்கு எஞ்சின், எரிபொருள் கட்டுபடியாகாமல் 2013இல் நின்றது. 2018இல் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்ததும் மறுபடி தொடங்கியது. இதற்கு இரண்டே எஞ்சின்.

வெண்ணிலா: டாக்டரிடம் 18.40 என்று சொன்னேன், ஊசிக்கு அட்டவணை எழுதித் தந்துவிட்டார். நன்றி.

தேவாரம்_ரசிகன்: நல்லது. திரும்பும்போது தேதியையும் கவனியுங்கள். வெள்ளி இரவு அங்கே ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது ஞாயிறு காலை.

கடல்காற்று: ரன்வே27, திரும்பும்போது அதே ஜெட் காற்று எதிர்க்குமே, அப்போது எந்த வழி?

ரன்வே27: அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா வழியாகக் கிழக்கே போகும் நாளும் உண்டு, வடக்கே ஏறிப் போகும் நாளும் உண்டு.