போட்டோகிராமெட்ரி: படங்களில் புள்ளி குறிக்கும் வேலையைத் தானியங்கியாக்க முடியுமா?

வளைகோடு (கேள்வி)
3 மீட்டர் நீள எஃகுச் சட்டத்தைப் போட்டோகிராமெட்ரியில் (பல கோணப் படங்களிலிருந்து பொருளின் முப்பரிமாண அளவுகளை எடுக்கும் முறை) அளக்கிறேன். 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், சுமார் 3 மீட்டர் தூரத்திலிருந்து 60 படங்கள். 120 புள்ளிகள், ஒவ்வொன்றும் சராசரியாக 8 படங்களில் தெரிகிறது. ஆக ஆயிரத்துக்குப் பக்கம் கையால் க்ளிக். கோடட் டார்கெட் (நடுவில் 6 மி.மீ. விட்டப் புள்ளி, சுற்றிலும் அதன் எண்ணைக் குறிக்கும் துண்டு துண்டான வளையம்) அச்சடித்து ஒட்டினால் பாதியை மென்பொருள் கண்டுகொள்வதே இல்லை, சாய்வான படங்களில் இன்னும் மோசம். கிடைத்தவற்றைக் கையால் குறித்தவற்றோடு சேர்த்து பண்டில் அட்ஜஸ்ட்மென்ட் (கேமரா நிலைகளையும் புள்ளிகளையும் ஒன்றாகச் சரிசெய்யும் கணக்கு) ஓட்டினால் ரெசிடுவல் (குறித்த இடத்துக்கும் கணக்கிட்ட இடத்துக்கும் உள்ள விலகல்) 1.5 பிக்சலில் நிற்கிறது. போல்ட் துளைகளின் மையமும் வேண்டும்.

நீள்வட்டம்
டார்கெட் சிறிதாக இருக்கிறது. 36 மி.மீ. சென்சாரில் 6000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 6 மைக்ரான். 3 மீட்டரில் அது பொருளின் மேல் 0.75 மி.மீ. உங்கள் 6 மி.மீ. புள்ளி நேராகப் பார்த்தால் 8 பிக்சல், 60 டிகிரி சாய்ந்தால் அது நீள்வட்டமாகத் தெரியும், சிற்றச்சு (குறுகிய விட்டம்) வெறும் 4. அதில் நீள்வட்டம் பொருத்த விளிம்பே இல்லை, குறியீட்டு வளையத்தின் துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 12 மி.மீ. ஆக்கினால் 16, சாய்வில் 8. வளையத்தின் வெளிவிட்டம் நடுப்புள்ளியைப்போல் 3 மடங்கு உள்ள வகையானால் மொத்தம் 36 மி.மீ., சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள்.

மேட் தாள் மட்டுமே. லேமினேட் செய்தால் ஃப்ளாஷ் ஒளி ஒரு பக்கம் பளிச்சிட்டு, கணக்கிட்ட மையம் அந்தப் பக்கம் இழுபடும். வெள்ளைப் பகுதி சாச்சுரேட் ஆனாலும் (ஒளி மிகுந்து முழுக்க வெளுத்தாலும்) இதே கதி.

மூன்றாம்கதிர்
120க்கும் கோட் தேவையில்லை. ஒவ்வொரு படத்திலும் 8 கோடட் டார்கெட்டாவது, ஒரு மூலையில் குவியாமல் பரவலாகத் தெரிந்தால் போதும். மற்றவை வெறும் வட்டப்புள்ளிகளாக இருக்கலாம். கோடட் டார்கெட்டுகளால் கேமரா நிலைகள் கிடைத்ததும், வெறும் புள்ளிகளை எபிபோலார் கோட்டின் (ஒரு படத்தின் புள்ளி இன்னொரு படத்தில் விழக்கூடிய கோடு) வழியே மென்பொருளே இணைத்துவிடும். இரண்டு படங்களை மட்டும் நம்பாதீர்கள்: ஒரே கோட்டில் நான்கைந்து புள்ளிகள் விழுந்தால் எது எதற்கு ஜோடி என்று தெரியாது. குறைந்தது 3 கதிர்கள் (ஒரே புள்ளி 3 படங்களில் பொருந்துவது) என்று நிபந்தனை வையுங்கள். தேடல் அகலம் முதலில் 2 பிக்சல், அட்ஜஸ்ட்மென்ட் ஓடிய பிறகு இன்னும் குறையுங்கள்.

ஒரே தாளை இருமுறை அச்சடித்து ஒரே எண்ணை இரண்டு இடத்தில் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. கணக்கு ஒரு விடையில் குவியாமல் போனால் முதலில் அதைப் பாருங்கள்.

வளைகோடு
படங்களில் உள்ள தனித்த வடிவங்களைத் தானே கண்டு இணைக்கும் சிஃப்ட் போன்ற அம்சப் பொருத்தத்தை வைத்து டார்கெட்டே இல்லாமல் முடியாதா?

நீள்வட்டம்
இந்தப் பொருளுக்கு முடியாது. பெயின்ட் அடித்த எஃகில் பற்றிக்கொள்ள வடிவமே இல்லை; பளபளப்பு கேமராவோடு சேர்ந்து நகர்வதால் பொய்யான ஜோடிகள் வரும். தவிர, அது தனக்குப் பிடித்த இடத்தில்தான் புள்ளி எடுக்கும், உங்களுக்கு வேண்டிய துளை மையத்தில் எடுக்காது. துளை விளிம்பில் நீள்வட்டம் பொருத்துவதும் ஆபத்து: ஒரு படத்தில் மேல் விளிம்பு, இன்னொன்றில் சாம்ஃபரின் (சரிவாகச் சீவிய ஓரம்) உள்விளிம்பு சிக்கும். துளையில் இறுக்கமாக உட்காரும், தலையில் டார்கெட் உள்ள செருகியைப் போடுங்கள். தலையின் உயரத்தைக் கழிக்க மறக்க வேண்டாம்.

எடைக்கல்
1.5 பிக்சலுக்கு வருகிறேன். கைக்க்ளிக்குக்கும் தானியங்கி மையத்துக்கும் ஒரே எடை கொடுத்திருப்பீர்கள். முன்னதற்கு 1 பிக்சல், பின்னதற்கு 0.1 என்று சிக்மா (எதிர்பார்க்கும் பிழை அளவு) கொடுத்து மீண்டும் ஓட்டுங்கள். அதன்பிறகும் ஒரு புள்ளி மட்டும் எல்லாப் படத்திலும் விலகினால் டார்கெட் நகர்ந்திருக்கிறது அல்லது எண் மாறியிருக்கிறது. ஒரு படம் மட்டும் கெட்டிருந்தால் அசைவு மங்கல். எல்லாப் படங்களிலும் மூலையை நோக்கி ரெசிடுவல் வளர்ந்தால் கேலிப்ரேஷன் (கேமரா, லென்ஸின் அளவீடு) கோளாறு: ஆட்டோஃபோகஸ், ஸ்டெபிலைசேஷன், ஆட்டோ ரொட்டேட் மூன்றையும் அணைத்து, சில படங்களைக் கேமராவை 90 டிகிரி திருப்பி எடுங்கள்.

ரெசிடுவல் சிறிதாவதால் மட்டும் அளவு சரியென்று ஆகாது. நீளம் தெரிந்த இரண்டு ஸ்கேல் பார் வையுங்கள். ஒன்றைக் கணக்கில் சேருங்கள், மற்றதைச் சேர்க்காமல் அதன் நீளம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.