பூசானில் ஆறு மாதத்துக்கு மலிவான அறை: எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் தென்கொரியாவின் பூசான் நகருக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசி வரை, ஆறு மாதம், ஒரு ஆய்வகத்தில் வேலை. ஆய்வகம் கூம்ஜொங் பகுதியில், மெட்ரோ முதல் லைனை ஒட்டி இருக்கிறது. தங்கும் இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்து பத்து நாளாகிறது, அன்றிலிருந்து ராத்திரி எல்லாம் இதையேதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாடகைக்கு மாதம் 4 லட்சம் வொன் வரை கொடுக்க முடியும், நம் காசில் ஏறக்குறைய 24,000 ரூபாய். அட்வான்ஸ் கொடுக்கப் பெரிய தொகை கையில் இல்லை. எப்படியாவது 10 லட்சம் வொன் புரட்டலாம், அதுவும் அப்பாவிடம் கேட்டுத்தான். கொரிய எழுத்து வாசிப்பேன், பேச வராது. சைவம். தனியாக வருவதால் அம்மாவுக்கு ஒரே கவலை.

அறை தேடும் ஆப்களில் 500/35, 300/38 என்று போட்டிருக்கிறார்கள், இது என்ன கணக்கு? ஆறு மாதத்துக்கு மட்டும் யாராவது அறை தருவார்களா? அப்புறம், ஒரு குழுவில் ஒருவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல அறை இருக்கிறது, 3 லட்சம்தான், ஆனால் இன்றே இரண்டு மாத வாடகை அனுப்பினால்தான் பிடித்துவைக்க முடியும் என்கிறார். படங்கள் நன்றாக இருக்கின்றன. அனுப்பலாமா?

பதில்: பூசானில் நாலு வருஷம்

அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அறையைக் கண்ணால் பார்க்காமல், வீட்டுக்காரர் யார் என்று தெரியாமல் இந்தியாவிலிருந்து ஒரு வொன்கூட அனுப்ப வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு அங்கிருந்து வழியே கிடையாது.

500/35 என்பது பத்தாயிரம் வொன் கணக்கு. இங்கே பணத்தைப் பத்தாயிரமாகத்தான் எண்ணுவார்கள், அதற்கு மான் என்று பெயர். 500 மான் என்றால் 50 லட்சம் வொன், அது போஜுங்கும், அதாவது நம் ஊர் அட்வான்ஸ். 35 மான் என்றால் மாத வாடகை 3 லட்சத்து 50 ஆயிரம். காலி செய்யும்போது போஜுங்கும் திரும்பி வரும், ஆனால் வரும்போது கையில் இருக்க வேண்டுமே. இது போக குவல்லிபி என்று ஒரு பராமரிப்புக் கட்டணம் மாதாமாதம் உண்டு. சில இடங்களில் தண்ணீரும் இணையமும் அதிலேயே அடங்கும், சில இடங்களில் அடங்காது. அதனால் வாடகை என்ன என்று கேட்கும்போதே குவல்லிபி எவ்வளவு, அதில் என்னென்ன சேரும் என்றும் கேட்டுவிட வேண்டும். கரண்டும் கேஸும் பெரும்பாலும் தனி.

இப்படி மாத வாடகைக்கு விடும் முறைக்குப் பெயர் வொல்செ. ஜொன்செ என்றும் ஒரு சொல் கண்ணில் படும், அது மாத வாடகை இல்லாமல் வீட்டு விலையில் பெரும்பங்கை மொத்தமாகக் கொடுத்துவைப்பது. அந்தப் பக்கமே போக வேண்டாம், உங்களுக்கு அது தேவைப்படாது.

உங்கள் கையில் இருக்கும் பணத்தைப் பார்த்தால் என் யோசனை இதுதான். முதல் மாதம் கோஷிவோன் எடுங்கள், அதாவது பொதுச் சமையலறையோடு மாத வாடகைக்கு விடும் மிகச் சின்ன அறை. அட்வான்ஸ் இல்லை, இருந்தாலும் ஒரு லட்சம் வொன் அளவுதான். வந்த பிறகு, வேலை முடிந்த மாலைகளில் அந்தப் பகுதியை நடந்து பார்த்து, பிடித்தால் வேறு அறைக்கு மாறலாம், இல்லையென்றால் அங்கேயே ஆறு மாதத்தையும் ஓட்டிவிடலாம். வொல்செ ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடுவார்கள். குறுகிய காலத்துக்கு வேண்டும் என்றால் 'தான்கி' என்று கேட்க வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தேடும் இடத்தில் எழுதிப் பாருங்கள், பட்டியலே மாறிவிடும். ராணுவத்துக்கோ விடுப்பிலோ போகும் மாணவர்கள் தங்கள் அறையை மீதி மாதங்களுக்குக் கைமாற்றிக் கொடுப்பதும் உண்டு, அதற்கு 'யாங்தோ' என்று பெயர். வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, செமஸ்டர் மார்ச்சில் தொடங்குகிறது. பிப்ரவரி கடைசியில் எல்லோரும் அறை தேடுவார்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்னதாக வாருங்கள்.

பதில்: தேகு அக்கா

தங்கச்சி, நான் தேகுவில் இரண்டு வருடம் கோஷிவோனில் இருந்தவள், அதனால் அதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கோஷி என்றால் அரசுத் தேர்வு. ஒரு காலத்தில் தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்குவதற்காக வந்த அறைகள் இவை, இப்போது எல்லாவித மக்களும் இருக்கிறார்கள். கட்டில், மேசை, சின்ன அலமாரி, அவ்வளவுதான் அறை. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தொடும் அறையும் உண்டு. பெயர்ப்பலகையில் கோஷிதெல், வொன்ரூம்தெல், லிவிங்தெல் என்றெல்லாம் இருக்கும், சட்டப்படி எல்லாம் கோஷிவோன்தான். அறைக்குள்ளேயே குளியலறை இருந்தால் விலை கூடும். பூசான், தேகு மாதிரி ஊர்களில் 2 லட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 4 லட்சத்துக்குள் கிடைக்கும். கரண்ட், தண்ணீர், சூடேற்றுவது, இணையம் எல்லாம் அதிலேயே சேர்ந்தது, குளிர்காலத்தில் அதன் அருமை தெரியும்.

நான் முதலில் எடுத்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஜன்னல் நடைபாதையைப் பார்த்துத் திறக்கிறது. விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் மூன்று மாதம் இருந்தேன், துணி காயாது, மனசு ஒரு மாதிரி அடைத்துப்போகும். அதனால் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்காதே. 'வேசாங்' இருக்கிறதா என்று கேள், அதுதான் வெளியே பார்த்த ஜன்னல். 'நேசாங்' என்றால் உள்ளே பார்த்தது. மாதம் முப்பது நாற்பதாயிரம் வொன் கூட ஆனாலும் வேசாங் அறையையே எடு.

இதை வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. 2018 நவம்பரில் தலைநகர் சோலில் ஜோங்னோ பகுதியில் ஒரு பழைய கோஷிவோனில் விடிகாலை தீப்பிடித்து 7 பேர் இறந்தார்கள். வாசல் பக்கத்து அறையில் இருந்த மின்சார ஹீட்டரில் தொடங்கிய தீ, வெளியே போகும் வழியே அடைபட்டுப்போனது. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. ஜன்னல் இருந்த அறைக்காரர்கள் சிலர் அது வழியாகத் தப்பினார்கள். அந்த இடத்தில் ஜன்னல் அறைக்கும் ஜன்னல் இல்லாத அறைக்கும் மாத வாடகையில் 40,000 வொன்தான் வித்தியாசம் என்று அப்போது செய்தியில் வந்தது, அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பழைய கோஷிவோன்களிலும் ஸ்பிரிங்க்ளர் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சோலில் 2022 ஜூலையிலிருந்து புதிதாகக் கட்டும் கோஷிவோன் அறை குறைந்தது 7 சதுர மீட்டர் இருக்க வேண்டும், வெளிப்பக்க ஜன்னல் கட்டாயம். பழைய கட்டடங்களுக்கு அது பொருந்தாது. அறை பார்க்கப் போகும்போது மேலே கூரையைப் பார், ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா என்று. பிறகு நடைபாதையின் இரண்டு முனைக்கும் நடந்து பார், இரண்டாவது வழி இருக்கிறதா, அந்தக் கதவின் முன்னால் சாமான் அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று.

பெண்களுக்கு மட்டும் என்று தனித் தளமோ தனிக் கட்டடமோ உள்ள கோஷிவோன்கள் நிறைய உண்டு, 'யொசொங் ஜொன்யோங்' என்று எழுதியிருக்கும். அம்மாவிடம் இதைச் சொல், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சுவர் மெலிசு, ராத்திரி வீட்டுக்குப் போன் பேசுவதென்றால் கீழே இறங்கித்தான் பேச வேண்டும்.

சாப்பாடு: பொதுச் சமையலறையில் சோறும் கிம்ச்சியும் இலவசமாக வைத்திருப்பார்கள், பல இடங்களில் ராம்யொன் என்கிற உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டும் இருக்கும். ஆனால் நீ சைவம். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் ஊறலோ சேர்ந்திருக்கும், ராம்யொன் மசாலாவில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும். ஆக உனக்குச் சோறு மட்டும்தான் இலவசம். ஒரு சின்னக் குக்கர் கொண்டு வா, ஆனால் அறைக்குள் வைத்துச் சமைக்காதே, அங்கே அதற்கு அனுமதி கிடையாது, பொதுச் சமையலறையில் வை.

பதில்: முன்னாள் பூசான்வாசி

வொல்செ அறைக்கு மாறுவதாக இருந்தால் சில விஷயம் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களைச் சுற்றி 'பூதொங்சான்' என்று பலகை போட்ட வீட்டுத் தரகர் கடைகள் வரிசையாக இருக்கும். உங்கள் பகுதியில் நிலையத்திலிருந்து தள்ளிப் போகப் போக, மேட்டில் ஏற ஏற வாடகை குறையும். பூசான் மலையும் கடலுமான ஊர், வரைபடத்தில் ஐந்து நிமிடம் என்று காட்டும் வழி நேரில் செங்குத்து ஏற்றமாக இருக்கும். ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தரகர் கமிஷனுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. 500/35 அறை என்றால் வாடகையை 100 ஆல் பெருக்கிப் போஜுங்கும் கூட்டினால் 4 கோடி வொன். இது 5 கோடிக்குக் கீழே வருவதால் 100க்குப் பதில் 70 ஆல் பெருக்க வேண்டும், அப்போது 2 கோடியே 95 லட்சம், அதில் 0.5 சதவீதம் 1,47,500 வொன். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தரகர்களே இந்தக் கணக்கை நன்றாகத் தெரிந்தவர்கள், நீங்களும் தெரிந்துகொண்டு போனால் பேச்சு சுலபமாக முடியும்.

கையெழுத்துப் போடும் முன் கட்டடத்தின் பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் 700 வொன்னுக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் இருக்கும் உரிமையாளர் பெயரும், ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டடத்தின் மேல் பெரிய கடன் இருந்தால் அதுவும் அதிலேயே தெரியும், அப்படிப்பட்ட இடத்தில் பெரிய போஜுங்கும் கட்ட வேண்டாம்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். நான் குடிபோனபோதே அறையின் வடக்குச் சுவரில், கட்டிலுக்குப் பின்னால், பூஞ்சை இருந்தது. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். காலி செய்யும்போது அது நான் காற்றோட்டம் விடாததால் வந்தது என்று சொல்லி, வால்பேப்பர் மாற்றப் போஜுங்குமிலிருந்து பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். என்னிடம் ஒரு படம்கூட இல்லை, என்ன பேசுவது? முதல் நாளே, பெட்டியைத் திறக்கும் முன், சுவர், தரை, சிங்க், ஃபிரிட்ஜ், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வைகைக்கரை

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஆளுக்குப் பணம் அனுப்பவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எழுதினேன், அதற்கு அப்புறம் பதிலே இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஏஆர்சி, அதாவது வெளிநாட்டவர் பதிவு அட்டை வாங்க முகவரிச் சான்று கேட்பார்களாமே, கோஷிவோனில் கொடுப்பார்களா? ஹாசுக் என்று ஒன்று சொல்கிறார்கள், அது எனக்குச் சரிவருமா?

பதில்: பூசானில் நாலு வருஷம்

கோஷிவோன் முகவரி செல்லும். வந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தத் தாளோ, இன்னார் இங்கே தங்கியிருக்கிறார் என்று இடத்துக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவமோ கொடுத்தால் போதும். ஆனால் சில இடங்களில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், அதனால் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பிறகு அறை மாறினால் 15 நாளுக்குள் புது முகவரியைக் குடிவரவு அலுவலகத்திலோ உள்ளூர் அரசு அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம். உங்கள் போஜுங்குமுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைப்பதும் இந்தப் பதிவை வைத்துத்தான், தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் என்றால் வெளிநாட்டவருக்கான உதவி எண் 1345க்குக் கூப்பிடுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம்.

பதில்: தேகு அக்கா

ஹாசுக் என்பது ஒரு குடும்பத்து வீட்டில் அறை, காலையும் ராத்திரியும் சாப்பாட்டோடு. பேசப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் மேசையில் இருப்பதில் பாதியை உன்னால் தொட முடியாது, சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் வாடகை. அதனால் உனக்கு வேண்டாம். பருப்பு, சாம்பார்ப் பொடி எல்லாம் ஆறு மாதத்துக்குச் சுமக்காதே, ஒரு மாதத்துக்கு மட்டும் கொண்டு வா. பக்கத்து ஊரான கிம்ஹேயில் தொங்சாங்தொங் சந்தைப் பக்கம் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். முதல் வாரமே குப்பைப் பையை வாங்கிவிடு, அந்தந்தப் பகுதிக்கென்று விற்கும் பையில்தான் போட வேண்டும், சாப்பாட்டு மிச்சம் தனி.

விமானம் கிம்ஹேக்குத்தானே? அங்கிருந்து லைட் ரயிலில் சாசாங், சாசாங்கில் இரண்டாம் லைன் பிடித்து சொம்யொன், அங்கே முதல் லைனுக்கு மாறி நோபோ போகும் ரயிலில் ஏறு. இரண்டு இடத்தில் பெட்டியோடு மாற வேண்டும், அதனால் பெரிதாக ஒன்று வேண்டாம், நடுத்தரமாக இரண்டு எடுத்து வா.