ஆட்டோகிராஸ்ல புதுசா வர்றவங்களுக்கு தனி கிளாஸ் வேணுமா?

டெட்ராய்ட் சிவிக்:
வணக்கம். இந்த வருஷம்தான் ஆட்டோகிராஸ் (கோன் வச்ச தடத்துல ஒவ்வொருத்தரா ஓட்டி டைம் பாக்கற போட்டி) ஆரம்பிச்சேன், மூணு ஈவென்ட் ஆச்சு. தினமும் ஆபீஸ் போற அதே சிவிக், அதே டயர். போன ஈவென்ட்ல என் பெஸ்ட் ரன் 58 செகண்ட், ரெண்டு கோன் தட்டினதுக்கு தலா 2 செகண்ட் சேத்து 62 ஆயிடுச்சு. என் கிளாஸ்ல, அதாவது என் கார் வகைக்கான பிரிவுல, ஜெயிச்சவர் 49. விசாரிச்சா அவர் வருஷா வருஷம் நெப்ராஸ்கா லிங்கன்ல நடக்கற சோலோ நேஷனல்ஸ்ங்கற தேசிய ஆட்டோகிராஸ் போட்டிக்கு போறவராம். எங்க கிளப்ல புதுசுக்குன்னு கிளாஸ் கிடையாது. என்கூட சேந்த நாலு பேர்ல ரெண்டு பேர் அடுத்த ஈவென்ட்டுக்கே வரல, அதான் மனசு கேக்கல. கமிட்டிகிட்ட தனி கிளாஸ் கேக்கலாமா?

ஆஸ்டின் மியாட்டா:
தாராளமா கேளுங்க தம்பி. இங்க அமெரிக்கால ஆட்டோகிராஸ் நடத்தற எஸ்சிசிஏ கிளப்போட ரீஜன்கள்ல நிறைய இடத்துல நாவிஸ் கிளாஸ், அதாவது புதுசா வர்றவங்க கிளாஸ், இருக்கு. எல்லா காரையும் ஒண்ணா போட்டு பாக்ஸ் (PAX) வச்சு கணக்கு பண்ணுவாங்க, அதாவது ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு நம்பர் இருக்கும், வேகமான காருக்கு 1-க்கு பக்கத்துல, மெதுவான காருக்கு அதைவிட கம்மி, உங்க டைமை அதால பெருக்கணும், அப்போ சிவிக்கும் கார்வெட்டும் ஒரே லிஸ்ட்ல நிக்கலாம். என் முதல் வருஷம் நாவிஸ்ல 9 பேர்ல மூணாவது வந்தேன், பழகினவங்களும் ஓட்டற ஓப்பன் கிளாஸ்ல போட்டிருந்தா அடியில கிடந்திருப்பேன். அந்த மூணாவது இடம்தான் என்னை அடுத்த மாசமும் காலைல 5 மணிக்கு எழுப்பிச்சு.

ஸ்லாலம் ராணி:
எனக்கு தனி கிளாஸ்ல அவ்வளவா நம்பிக்கை இல்ல. 60 கார் வர்ற ஈவென்ட்ல ஏற்கனவே ஏகப்பட்ட கிளாஸ், சிலதுல ரெண்டே பேர். புதுசா வர்றவங்களுக்கு வேண்டியது பக்கத்து சீட்ல ஒரு ஆள். என் முதல் வருஷம் ஒரு அக்கா என் காரை எடுத்து ஓட்டிக் காட்டினாங்க, நான் பக்கத்துல. அதே கார், அதே டயர், என்னைவிட 5 செகண்ட் கம்மி! நான் மூக்குக்கு நேரா இருக்கற கோனையே பாத்துட்டு இருந்திருக்கேன், அவங்க கண்ணு எப்பவும் ரெண்டு கோன் தள்ளி. பிரேக்கை நான் அடிக்கற இடத்துக்கு ரொம்ப முன்னாடியே அடிச்சு விட்டுட்டாங்க, திருப்பத்துல கார் சத்தமே இல்லாம உக்காந்து திரும்புச்சு. அந்த ஒரு ரன்ல கத்துக்கிட்டதை எந்த கப்பும் குடுத்திருக்காது.

கோவை மண்:
இங்க பெரும்பாலும் மண்ணுலதான் ஆட்டோகிராஸ், கிளாஸ் சிசி வச்சு பிரிப்பாங்க. ரேலிக்கு ரெடி பண்ண காரும் வீட்டுக் காரும் ஒரே சிசினா ஒரே கிளாஸ்தான், சஸ்பென்ஷனே வேற, எப்படி ஈடு குடுக்க முடியும்? அதனால தனி கிளாஸ் வேணும்னுதான் சொல்வேன். ஆனா புதுசை கடைசில விடக்கூடாது, அதுக்குள்ள தடம் பள்ளமாயிடும், வீட்டுக் காருக்கு அடி தட்டும், அதை நேர்ல பாத்திருக்கேன். இன்னொண்ணு, 80கள் கடைசில நம்ம கோயம்புத்தூர் ரேசர் கரிவரதன் மாருதி 800 இன்ஜின் போட்டு ஃபார்முலா மாருதின்னு ஒரு ரேஸ் கார் பண்ணாரே, செட்டிபாளையம் ட்ராக்குக்கு அவர் பேர்தான், நரேன் கார்த்திகேயன்கூட அந்த காருலதான் ரேஸ் ஆரம்பிச்சார். எல்லாருக்கும் ஒரே கார்ங்கறதால யார் கை நல்ல கைன்னு உடனே தெரிஞ்சுது. கிளப்பே ரெண்டு பழைய கார் வாங்கி புதுசுக்கு குடுத்தா அதைவிட நல்ல கிளாஸ் கிடையாது.

ஆஸ்டின் மியாட்டா:
ராணி சொல்றதும் சரிதான், ரெண்டும் வேணும். ஆனா தம்பி, ஒரு சீசன் முடிஞ்சா வெளிய போயிடணும்னு ரூல்லயே எழுதச் சொல்லுங்க. மூணு வருஷமா நாவிஸ்லயே உக்காந்து கப்பு வாங்கினவங்களை பாத்திருக்கேன், புதுசா வந்த பசங்க முகம் வாடிப் போச்சு.

டெட்ராய்ட் சிவிக்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சீசன் மட்டும் நாவிஸ், பாக்ஸ் கணக்கு, முதல் ரெண்டு ரன்னுக்கு பக்கத்துல ஒரு ஆள்னு எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் தடத்தை நடந்து பாக்கறதுக்கு முன்னாடியே கமிட்டிகிட்ட குடுத்துடறேன். விட்டுப்போன அந்த ரெண்டு பேருக்கும் இப்பதான் போன் பண்ணேன், ஒருத்தர் வர்றேன்னுட்டார்.