மறு: ‘உள்ளமைவுத் தொலைவு’ வேண்டாம், ‘அமைவிழப்பு’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மென்பொருளின் அமைவுகளை வைத்திருக்கும் கோப்பு காணாமல் போவதை (கான்ஃபிகரேஷன் லாஸ்) திரையில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் மொழிபெயர்ப்புப் பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘உள்ளமைவுத் தொலைவு’ சரிவராவிட்டால், ‘தரவிழப்பு’ என்றே பொதுவாகச் சொல்லிவிடலாமே?

ஐயா, தொலைவு என்றதும் தூரம்தான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். ஆனால் ‘தரவிழப்பு’ என்று எழுதினால் பயனர் தப்பான காரியத்தில் இறங்கிவிடுவார்.

திருவல்லிக்கேணியில் நண்பர்கள் நடத்தும் ஒரு படிப்பகத்தில் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, சொந்த சர்வரில் கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு உலாவியைத் திறந்தால், நிர்வாகி கணக்கை உருவாக்கச் சொல்லும் நிறுவல் திரை வந்து நிற்கிறது. “எல்லாம் போச்சு சார்” என்று போன். போனதோ கான்ஃபிக்.பிஎச்பி என்ற ஒரே கோப்பு. தரவுத்தளம் எங்கே, அதன் கடவுச்சொல் என்ன, கோப்புகள் எந்த அடைவில் (ஃபோல்டர்), எந்தக் களப்பெயர்களை (டொமைன்) நம்பலாம் எல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லையென்றால் மென்பொருள் தன்னைப் புதிதாக நிறுவுகிறார்கள் என்றே நினைத்துக்கொள்ளும். இதழ்கள் வட்டில் அப்படியே இருந்தன.

காரணம் டாக்கர், அதாவது மென்பொருளைத் தனிக் கொள்கலனுக்குள் வைத்து ஓட்டும் கருவி. கொள்கலனை நீக்கினாலும் தரவு தங்கும் சேமிப்பிடத்துக்கு அதில் வால்யூம் என்று பெயர். தரவு அடைவுக்கும் தரவுத்தளத்துக்கும் பெயரிட்ட வால்யூம் கொடுத்தவர்கள், கான்ஃபிக் அடைவுக்குக் கொடுக்கவில்லை. அப்படி விட்டால் டாக்கர் தானாகவே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உருவாக்கி அதில் போட்டுவைக்கும். கொள்கலனை நிறுத்தி நீக்கும் ‘கம்போஸ் டவுன்’ கொடுத்து, மறுபடி தொடங்க ‘அப்’ கொடுத்தால் பழையதைத் தேடிப் பிடிக்காது, இன்னொன்றை உருவாக்கும். ஆனால் பழையது அழிவதில்லை. ‘டாக்கர் வால்யூம் எல்எஸ்’ கொடுத்தால் எழுத்தும் எண்ணுமாக நீளப் பெயருடன் கிடக்கும். அதற்குள்ளிருந்து கான்ஃபிக்.பிஎச்பியை நகலெடுத்து வைத்தோம், சரியாகிவிட்டது. இடம் அடைக்கிறதென்று நடுவில், பயன்பாட்டில் இல்லாத வால்யூம்களை அழிக்கும் ‘வால்யூம் ப்ரூன்’ கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

‘தரவிழப்பு’ என்று படித்தவர் என்ன செய்வார்? இழந்தாயிற்றே என்று நிறுவல் படிவத்தை நிரப்பத் தொடங்குவார். அப்போது அந்த நிறுவலுக்குப் புதிய அடையாளமும் புதிய ரகசியத் திறவும் (கீ) உருவாகும். வெளிச் சேமிப்பகங்களின் கடவுச்சொற்கள் பழைய திறவால் மறையாக்கப்பட்டவை, புதியதற்குத் திறக்காது. அந்தத் திரையில் எதையும் தொடாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். சொல்லும் அதற்குத் துணையாக இருக்க வேண்டும்.

ஆகவே ‘அமைவிழப்பு’. ‘தரவிழப்பு’ போலவே ஒலிப்பதால் இரண்டும் வேறு என்பது பக்கத்தில் வைத்ததும் தெரியும். ‘அமைவு’ என்பதன் கடைசி உகரம் முற்றியலுகரமாயிற்றே, உயிர் வந்தால் அது கெடலாமா என்று கேட்பவர்களுக்கு: நன்னூல் ‘ஒரோவழி’ (சில இடங்களில்) என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது, தரவிழப்பும் அந்த வழியாக வந்ததுதான். ‘அமைப்பிழப்பு’ வேண்டாம். சிஸ்டம், செட்டிங், சங்கம் எல்லாவற்றையும் ‘அமைப்பு’ ஏற்கெனவே சுமக்கிறது.

அப்புறம் ‘மீட்டமை’. நம் மொழிபெயர்ப்புகளில் ரீசெட், ரீஸ்டோர் இரண்டுக்கும் இதுவே புழங்குகிறது. காப்புநகலிலிருந்து திரும்பப் பெற நினைத்து அழுத்துபவருக்கு எல்லாம் துடைக்கப்பட்டால் என்ன ஆகும்? முதலதற்கு ‘மீளமை’, இரண்டாவதற்கு ‘மீட்டெடு’ என்று பிரித்துவிடலாம். இதில் பெரிய விவாதம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

திரையில் வர வேண்டிய வரியை இப்படி எழுதியிருக்கிறேன்:

“அமைவிழப்பு: அமைவுக் கோப்பு கிடைக்கவில்லை. உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கக்கூடும். மீண்டும் நிறுவும் முன் பழைய அமைவுக் கோப்பைத் தேடிப் பாருங்கள்.”

‘இருக்கக்கூடும்’ வேண்டுமென்றே போட்டது. வட்டே பழுதாகியிருந்தால் ‘இருக்கின்றன’ பொய்யாகிவிடும்.

வால்யூமுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. ‘தொகுதி’ என்றால் மாட்யூலுடன் குழம்பும், சென்னையில் இருப்பவனுக்குத் தேர்தலும் நினைவுக்கு வரும். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், அதுவரை வால்யூம் என்றே விடுகிறேன்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து