80-ல் நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி

கோவை மெக்கானிக்:
கோடைக்கால எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பராமரிப்பு இழையில் 'ஓம் விதி' என்கிறவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "லித்தியம் பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுகிறவன் தன் காசைத் தானே கொளுத்துகிறான்" என்கிறார். மூன்று வருடமாகத் தினமும் 100 வரை ஏற்றுகிறேன். 38,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. வாங்கிய அன்று போன தூரம் இன்றும் போகிறது. நான் கொளுத்திய காசு எங்கே சார்?

ஓம் விதி:
உங்கள் ஒரு வண்டியை வைத்து வேதியியலை மாற்ற முடியாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டுக் கிளம்பி எதிர்முனையின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டை, அதாவது முழு சார்ஜை, நெருங்கும்போது நேர்முனை பாதிக்கு மேல் காலியாகி, சுற்றியுள்ள எலக்ட்ரோலைட் திரவத்தையே அரிக்கத் தொடங்கும். 4.1-ல் நிறுத்தினாலே ஆயுள் கணிசமாகக் கூடும். அதனால்தான் 80.

பழைய ரேடியோ:
80-ம் வேண்டாம், 100-ம் வேண்டாம். முதலில் பேட்டரியை முழுக்க இறக்குங்கள், அப்புறம் ஒரே மூச்சில் ஏற்றுங்கள். இல்லையென்றால் பாதியிலேயே நின்றுவிடப் பழகிவிடும். முப்பது வருடம் வாக்கி டாக்கி பழுது பார்த்த கை இது.

ஓம் விதி:
அய்யா, அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி. அந்த நினைவுக் கோளாறு லித்தியத்துக்குப் பொருந்தாது. முழுக்க இறக்குவது இதற்குக் கெடுதல். 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய் அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். சோனி இந்த பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது 1991-ல். இன்னும் பழைய பாடத்தையே ஒப்பிக்கிறீர்களே.

பழைய ரேடியோ:
நீங்கள் பிறக்கும் முன்பே நான் சால்டரிங் அயர்ன் பிடித்தவன். பார்த்துப் பேசுங்கள் தம்பி.

தென்றல்:
மெக்கானிக் அண்ணா, உங்கள் வண்டியில் இருப்பது என்எம்சியா (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் வகை), எல்எஃப்பியா (லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை)? எல்எஃப்பி என்றால் ஒரு செல்லின் உச்சமே 3.65 வோல்ட்தான். நடுவில் மின்னழுத்தம் அதிகம் மாறாது என்பதால், மீதி எவ்வளவு என்று பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு, கணிக்கத் தடுமாறும். அந்த வகைக்கு வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றச் சொல்லி டெஸ்லாவே சொல்கிறது. திரையில் காட்டும் 100 எந்த வோல்ட் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கோவை மெக்கானிக்:
பேட்டரி பேட்டரிதான். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 38,000 கிலோமீட்டர். கொளுத்திய காசு எங்கே?

அகராதியன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தமிழில் லகரம் சொல்லின் முதலில் வராது. 'இலித்தியம்' என்று எழுதுங்கள். 'சார்ஜ்' எதற்கு, 'மின்னேற்றம்' இருக்கிறதே?

கோவை மெக்கானிக்:
பட்டறைக்கு வந்து "மின்னேற்றி பழுது" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பையன் முழிப்பான்.

அகராதியன்:
முழிப்பது பையனின் குற்றமல்ல, சொல்லித் தராதவரின் குற்றம்.

ஓம் விதி:
விஷயத்துக்கு வாருங்கள். 80 ஏன் என்று மறுபடி சொல்கிறேன். முழு சார்ஜ், சூடு, இரண்டும் சேர்வதுதான் கொல்லும். சித்திரை வெயிலில் 100-ல் நிற்கும் வண்டிக்குள் கிராஃபைட்டின் மேல் படலம் தடித்துக்கொண்டே போகும், அந்தப் படலம் விழுங்கிய லித்தியம் திரும்பி வராது. ஓட்டிவிட்டு வந்து பேட்டரி கொதிக்கும்போதே பிளக்கைச் சொருகுகிறவர்களை நானே பார்க்கிறேன். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். 80-ல் நிறுத்துங்கள்.

நெய்தல்:
இரவு முழுக்க போனை சார்ஜரில் விட்டால் வெடிக்குமா?

ஓம் விதி:
நல்ல நிலையில் இருக்கும் போனும் சார்ஜரும் என்றால் அதற்காக வெடிக்காது. முதலில் ஒரே அளவு மின்னோட்டம் ஏறும். உச்சத்தைத் தொட்டதும் மின்னழுத்தம் நிலையாக நிற்கும், மின்னோட்டம் படிப்படியாக இறங்கி நின்றுவிடும். ஆனால் விடிய விடிய 100-லேயே கிடக்கும். ஆக, 80.

கோவை மெக்கானிக்:
மறுபடி 80! போன வருடம் இன்வெர்ட்டர் இழையில் என்னை "ஸ்பேனர் பிடிக்கிறவர்" என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கிறவனிடம்தான் வண்டி வருகிறது, வோல்ட் கணக்கு சொல்கிறவரிடம் இல்லை.

ஓம் விதி:
அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? அன்று நீங்கள்தான் முதலில் என்னை "புத்தகப் பூச்சி" என்றீர்கள். இழையைத் தோண்டி எடுத்துப் போடட்டுமா?

தென்றல்:
என்எம்சியா, எல்எஃப்பியா என்று மட்டும் சொல்லுங்களேன்.

பழைய ரேடியோ:
முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள், தெரியும்.

ஓம் விதி:
அய்யா!! தாமிரம் கரையும்!

கோவை மெக்கானிக்:
மணி பத்து. வண்டி ஆறிவிட்டது, சார்ஜர் மாட்டியாகிவிட்டது. காலையில் 100 காட்டும் படத்தை இங்கேயே போடுகிறேன்.

ஓம் விதி:
போடுங்கள். ஐந்து வருடம் கழித்தும் ஒரு படம் போடுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.