பின் ஆக்சில் உடைந்தவர்கள், மாற்றியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போன மாதம் இரண்டாவது முறையாக என் காரின் பின் ஆக்சிலைப் பிரித்தேன். பழையதையே சரிசெய்து போடுவது இதோடு போதும் என்று முடிவெடுத்துவிட்டேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததைச் சொல்கிறேன்.

வி8 இன்ஜின், மானுவல் கியர்பாக்ஸ், பின் ஆக்சிலுக்குள் ஏழரை அங்குல கிரவுன் வீல் (சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம்). சாதாரண டயரில் ஐந்து வருடம் ஓட்டினேன், ஒரு தொந்தரவும் இல்லை. நேர்கோட்டுப் பந்தயத்துக்கான மென்மையான ரப்பர் டயர் மாட்டிய அன்று, மூன்றாவது ஓட்டத்தில், கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் வண்டி உருளும்போதெல்லாம் கடகடவென்று அடித்தது. கவரைக் கழற்றினால் ஆயில் வெள்ளிப் பெயின்ட் கலந்த மாதிரி மினுமினுத்துக்கொண்டு வடிந்தது, அடியில் பினியனின் (கிரவுன் வீலைச் சுற்றும் சின்ன பல்சக்கரம்) இரண்டு பல் நகத்தளவில் கிடந்தன. சக்கரத்துக்குப் போகும் தண்டான ஆக்சில் ஷாஃப்டை உருவிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதன் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் வரிகள் நேராக இல்லை, கயிறு முறுக்கிய மாதிரி லேசாகத் திரும்பியிருந்தன. இன்னும் சில ஓட்டம் போயிருந்தால் ஷாஃப்டே உடைந்திருக்கும்.

இதில் கவனியுங்கள், இன்ஜினில் நான் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. மாற்றியது டயரை மட்டும்தான்.

குதிரைத்திறனை வைத்து ஆக்சிலைத் தேர்வு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இன்ஜினின் முறுக்குவிசை 450 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.3, ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) 3.73 என்று வைத்துக்கொண்டால், பெருக்கி வருவது 5,500 நியூட்டன் மீட்டருக்கு மேல். சாதாரண டயரில் அவ்வளவும் ஆக்சில் மேல் ஏறாது, அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் இத்தனை நாள் ஃபியூஸ் மாதிரி ஆக்சிலைக் காப்பாற்றியிருக்கிறது. பிடிப்புள்ள டயர் போட்டால் ஃபியூஸைப் பிடுங்கியதாக அர்த்தம். அதோடு, இன்ஜினை நிமிடத்துக்கு 5,000 சுற்றில் வைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால், இன்ஜினோடு சுற்றும் கனமான ஃப்ளைவீலின் வேகமும் சேர்ந்து அடிக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அந்த அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மானுவலில் எல்லாம் நேராகப் பல்லுக்கே போகிறது.

இப்போது போடப்போவது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் வந்த 8.8 அங்குல ஆக்சில். 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட், 1995-க்கு அப்புறம் வந்ததில் டிஸ்க் பிரேக்கும் உண்டு. அதில் பினியன் நடுவில் இருக்காது, ஒரு பக்க டியூப் குட்டை. அதனால் நீளமான பக்கத்தை வெட்டி இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்டையே போடுகிறார்கள், நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன். டியூப்கள் நடுவிலுள்ள வார்ப்பு ஹவுசிங்குக்குள் (பல்சக்கரங்கள் இருக்கும் உறை) அழுத்திப் பொருத்தப்பட்டவை என்பதால், அதிகப் பிடிப்பில் டியூப் திரும்பாமலிருக்கச் சுற்றிலும் வெல்டு வைக்க வேண்டும். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, வெல்டு முடிந்ததும் மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

இது சி கிளிப் வகை. ஷாஃப்டின் உள்முனையில் இருக்கும் ஒரு சின்ன கிளிப்தான் சக்கரத்தை உள்ளே பிடித்துவைத்திருக்கிறது. ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் அதோடு சேர்ந்து வெளியே நழுவும். வேகமாக ஓட்டுபவர்கள் இந்தக் கிளிப் முறையை மாற்றாமல் விடவே கூடாது.

* * *

உங்கள் பதிவுக்கு என் அனுபவம்: 8.8-க்குப் பதிலாக நான் ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலுக்குப் போனேன். ஃபோர்டு அதை 1957-லிருந்து 1986 வரை வண்டிகளில் போட்டது. பினியனின் முனைக்கும் ஒரு பேரிங் இருப்பதால் பாரம் ஏறும்போது பினியன் கிரவுன் வீலை விட்டு விலகுவதில்லை, அதன் பலமே அதுதான். இன்னொரு வசதி, கியர் எல்லாம் ஒரே கட்டாக முன்பக்கமாகக் கழன்று வரும், ரேஷியோ மாற்றுவது சுலபம். சி கிளிப்பும் கிடையாது, பேரிங்கோடு ஷாஃப்டை ஹவுசிங்கின் வெளி முனையிலேயே போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். ஆனால் பினியன் மிகவும் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் பற்கள் அதிகம் உரசி ஓடுகின்றன, கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடும். இது எனக்கு முதலில் உறைக்கவில்லை. கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறிப்போய், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சீட்டே நடுங்கியது. அதன் இரு முனையிலும் வளைந்துகொடுக்கும் இரண்டு யு ஜாயின்ட்டின் கோணமும் சமமாக வரும்படி பிராக்கெட்டை வெட்டி மறுபடி ஒட்டவைத்த பிறகுதான் நின்றது. வாங்குவதற்கு முன் பழைய ஆக்சிலின் அகலம், ஸ்பிரிங் பிராக்கெட்டின் இடம், சக்கர போல்ட் அளவு எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட்டைப் பொறுத்தவரை, முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 31 ஸ்ப்ளைன் சுமார் 1.3 அங்குலம், 35 ஸ்ப்ளைன் 1.5 அங்குலம், அதே உலோகத்தில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கனமான வண்டி, மானுவல், பிடிப்புள்ள டயர் மூன்றும் சேர்ந்தால் நான் 35-க்குக் கீழே போகமாட்டேன்.

* * *

உங்கள் இருவரின் அனுபவத்தோடு என்னுடையதும்: நல்ல ஆக்சில் வாங்கி, பொருத்துவதில் கோட்டைவிட்டவன் நான். புது கிரவுன் பினியன் மூன்றே வாரத்தில் ஊளையிட ஆரம்பித்தது. பிரித்து, பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்தால் தடம் பல்லின் நடுவில் விழாமல் ஓரத்தில், ஒரு மெல்லிய பிறை மாதிரி விழுந்திருந்தது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டவர் பினியன் ஆழத்தைச் சரிபார்க்கவே இல்லை. இரண்டாவது முறை பக்கத்திலேயே நின்றேன். தடம் நடுவில் வரும்வரை நான்கு தடவை ஷிம் மாற்றினார், பேக்லாஷ் (இரண்டு பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி) 0.008 அங்குலத்தில் நின்றது. பிறகு இருபது நிமிடம் நிதானமாக ஓட்டி முழுக்க ஆறவிட்டேன், அதையே இன்னும் இரண்டு தடவை செய்தேன், 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றினேன். வடித்த ஆயிலில் காந்தத்தைப் போட்டேன், மாவு மாதிரி மெல்லிய பொடி மட்டும் ஒட்டியது, விரலில் தேய்த்தால் நெருடவே இல்லை.